பாரி மகளிர் அழுதனரா?

சங்கப் பாடல்களுள் நம் மாணவர் மிகுதியும் அறிந்த பாடல் யாது என வினவினால், புறநானூற்றின் 112ஆம் பாடலைச் சுட்டுவோரே பலராவர். பறம்பு மலையை ஆண்ட பாரி, மூவேந்தரால் மாண்ட பின்னர் அவன் மகளிர் பாடியதாக அமைந்த பாடல் அது. ஐந்தே அடிகள். அகராதியைத் தேடி ஓட வேண்டிய சொல் அதில் ஒன்றும் இல்லை. மனப்பாடத்திற்கு எளிது, விளக்கத்திற்கும் எளிது என்றே ஆசிரியராகிய நாம் எண்ணி வந்துள்ளோம்.

யானும் அப்படி எண்ணியவனே. இருபதாண்டுகளுக்கு மேலாக அப்பாடலை வகுப்பில் நடத்தியபோதெல்லாம் என் முதல் வாக்கியம் மாறியதில்லை: "தந்தையை இழந்த மகளிர் கண்ணீர் வடித்துப் பாடிய பாட்டு இது." ஓராண்டு, ஐந்தாம் படிவ வகுப்பில் இவ்வாறு கூறி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். தந்தையை இழந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த பெண். "ஐயா, இந்தப் பாட்டில் கண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். குரலில் எதிர்ப்பில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். "வரிகளுக்கிடையே இருக்கிறது, அம்மா" என்றேன். விடை தெரியாத ஆசிரியன் சொல்லும் விடை அது. அவள் அமர்ந்துவிட்டாள். அப்பெண் தந்தையின் இறுதிச் சடங்கில் ஒரு துளிக் கண்ணீரும் சிந்தவில்லை என்றும், அதற்காக உறவினர் அவளைக் குறைகூறி வந்தனர் என்றும் பின்னர் அறிந்தேன். அதன் பிறகே அந்த ஐந்து அடிகளை, கற்பிப்பதற்காக அன்றி, படிப்பதற்காகப் படித்தேன்.

அவள் கேட்டது சரி. பாடலில் கண்ணீர் இல்லை. அழுகை என்னும் சொல்லோ, துயர் என்னும் சொல்லோ, நெஞ்சு என்னும் சொல்லோ இல்லை. தந்தை இறந்தான் என்று சொல்லும் வினைகூட இல்லை. சென்ற முழுநிலவின்போது எங்களிடம் எவை இருந்தன, இந்த முழுநிலவின்போது எவை இல்லை என்னும் இரு கணக்குகளே உள்ளன. பேரிழப்பு ஒன்று இருப்புக் கணக்குப் போலச் சொல்லப்படுகிறது. 'உடையேம்' என்பது ஒரு பக்கம். 'இலம்' என்பது மறுபக்கம். அவ்வளவே.

அக்கணக்கு எழுதப்பட்டிருக்கும் வரிசையை நோக்குதல் வேண்டும். முதற் பாதியில் தந்தை முன்னே வருகிறான். குன்று பின்னே வருகிறது. இரண்டாம் பாதியில் இம்முறை புரள்கிறது. வேந்தர் குன்றைக் கொண்ட செய்தி முதலில் வருகிறது. தந்தை இல்லை என்பது பாடலின் கடைசிச் சொற்களுக்குத் தள்ளப்படுகிறது. இருந்ததைச் சொல்லும்போது முந்தி வந்த பெயர், இழந்ததைச் சொல்லும்போது இயன்றவரை பிந்தி வருகிறது. அணியிலக்கணம் கற்றோர் இதனை ஓர் அழகென்று கூறி அமையலாம். எனக்கோ, சொல்ல வாய் வராத ஒன்றைச் சுற்றி நடந்து, வேறெதையும் சொல்வதற்கு இல்லாத நிலையில் அதனிடம் வந்து நிற்கும் ஒரு மனத்தின் நடையாகவே இது தோன்றுகிறது. இழவு வீட்டில் "எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று கேட்பவரிடம், கூடாரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு இறுதியில், "அப்பா இல்லை" என்று நிறுத்தும் பிள்ளைகளை நாம் கண்டதில்லையா?

வேந்தருக்கு அம்மகளிர் தரும் அடைமொழியில் மட்டும் சிறிது சூடு உண்டு. போரில் வெல்லமாட்டாது வஞ்சித்துக் கொன்றவரை வென்று முரசறைந்தவர் எனக் கூறுதல் இகழ்ச்சிக் குறிப்பு எனப் பழைய உரை கொள்ளும். ஆக, சினம் ஓர் இழையளவு தலைகாட்டுகிறது. அழுகை அவ்வளவுகூடத் தலைகாட்டவில்லை.

இப்பாடலின் துறை கையறுநிலை. இச்சொல்லை நாம் வகுப்பில் 'இறந்தாரை நினைந்து புலம்புதல்' என்று விளக்கிக் கடந்து விடுகிறோம். தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சியின் துறைகளுள் ஒன்றாக இதனை வைக்கும்போது, மாண்டோர்க்காக எஞ்சியோர் புலம்புதல் என்றே கூறுகிறார்; ஆதலால் நம் விளக்கம் பிழையன்று. ஆயினும் சொல்லின் உள்ளே கிடக்கும் பொருளை நாம் எடுத்துக் காட்டுவதில்லை. கையறுதல் என்பது செயலற்றுப் போதல். செய்வதறியாது நிற்றல் அதன் முதற்பொருள். புலம்புதல் அதன் வழிவந்தது.

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியரே அறிந்திருந்தார் என்பதற்கு மெய்ப்பாட்டியல் சான்று. நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகை ஒன்று. அது பிறக்கும் களங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு அங்கே தெளிவாக இடம்பெறுகிறது. இத்துடன் நின்றிருந்தால், இழந்தவர் அழுவர் என்பதே இலக்கணம் ஆகியிருக்கும். ஆனால் அவர் மேலும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அடுக்கி, முன்சொன்னவை அல்லாத இடத்து இவையும் உண்டு என்கிறார். அந்த முப்பத்திரண்டினுள் ஒன்று கையாறு. மடிமை, வெரூஉதல், நடுக்கு ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. அழுகை வேறு, கையாறு வேறு. அழுகை இல்லாத இடத்திலும் உடம்பும் உள்ளமும் ஒன்றை வெளிப்படுத்தவே செய்கின்றன. அவ்வெளிப்பாட்டிற்கும் ஒரு பெயர் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசும் நாம், நம் மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை அந்நூலிலேயே இருந்தது. யான் அதனை மெய்ப்பாட்டியல் தேர்வுக்கு உரியது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அச்சம் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியர் கூறும் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை எனப் பொருள்கள் உண்டு. எதிரே ஒன்று நிற்கிறது, அதனை அஞ்சுகிறோம். தாயையோ தந்தையையோ இழந்தவர்க்கு வரும் அச்சமோ எதிரே எதுவும் நில்லாத அச்சம். நள்ளிரவில் விழித்துக் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பதும், தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடுவதும், எஞ்சியிருக்கும் பெற்றோர் ஒருமுறை இருமினால் உறக்கம் கலைவதும் எந்த விலங்கை, எந்தக் கள்வரை அஞ்சி? முப்பத்திரண்டனுள் வரும் வெரூஉதலையும் நடுக்கையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. உரையாசிரியர் வழி இதுவன்று எனின், என் கருத்தாகவே நிற்கட்டும்.

112ஆம் பாடலில் தந்தையோடு குன்று ஏன் சேர்ந்து வருகிறது என்பதற்கும் இது விடை தரும். பறம்பு வெறும் சொத்தன்று. உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது என்று 109ஆம் பாடலில் கபிலர் பகைவேந்தரிடம் கூறுகிறார். முற்றுகைக்கு அஞ்சாது உள்ளே இருந்து உண்ணலாம். அம்மகளிர்க்கும் வெளியுலகிற்கும் இடையே நின்றது அம்மலை. அம்மலைக்கும் அவர்க்கும் பொருளாய் நின்றவன் பாரி. தந்தையின் இழப்பைச் சொல்லும்போது அவர்கள் மரத்துப் போகிறார்கள். குன்று பிறர் கைப்பட்டதைச் சொல்லும்போது, இனி நம்மை மறைத்து நிற்பது எதுவும் இல்லை என்னும் அச்சம் புலப்படுகிறது. மரத்தலும் அச்சமும் ஒரே இழப்பின் இரு முகங்களாக ஐந்தடிக்குள் நிற்கின்றன.

மேலைநாட்டு உளவியலார் இதனை எங்ஙனம் காண்கின்றனர் என்பதைச் சுருங்கக் கூறுவேன். சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட துக்கமும் மனச்சோர்வும் பற்றிய கட்டுரையில், துக்கத்தில் உலகம் வெறுமையடைகிறது, மனச்சோர்வில் தன்னுள்ளமே வெறுமையடைகிறது எனப் பிரித்தார். கணவரை இழந்த இலண்டன் மகளிரை ஆராய்ந்த காலின் மரே பார்க்ஸ், 1972இல் வெளியிட்ட நூலில், இழப்பின் தொடக்கத்தில் உணர்ச்சி மரத்துப் போவது இயல்பான ஒரு படி என்று காட்டினார். சி. எஸ். லூயிஸ் தம் மனைவி மறைந்த பின் எழுதி 1961இல் புனைபெயரில் வெளியிட்ட சிறுநூல், துக்கம் அச்சத்தை ஒத்திருந்தது என்னும் வியப்போடு தொடங்குகிறது. இவர்களைக் கொண்டு நம் பாடலை உயர்த்த வேண்டுவதில்லை. நம் பாடலில் உள்ளதை நாம் காணத் தவறியபோது, அதனைக் காணும் கண்ணை இவர்கள் தருவார்களாயின் பெற்றுக்கொள்வதில் இழுக்கில்லை.

பாரி மகளிர்க்கு அருகில் கபிலரை வைத்துப் பார்த்தால்தான் இப்பாடலின் தனித்தன்மை முழுமையாகப் புலனாகும். அடுத்துள்ள 113ஆம் பாடல் கபிலருடையது. மகளிரை அழைத்துக்கொண்டு மலையைவிட்டு நீங்கும் வேளையில் பறம்பை நோக்கி அவர் விடைபெறுகிறார். அங்கே கலக்கம் உண்டு, கையறவும் உண்டு, ஒழுகும் கண்ணீரும் உண்டு. பேசுவது பன்மையாதலின் மகளிர் கண்களையும் அதில் அடக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். அடக்கினும், அக்கண்ணீரைச் சொல்பவர் கபிலர், மகளிர் அல்லர். 114ஆம் பாடலில், இங்கே நின்றாலும் மலை தெரிகிறது, இன்னும் சிறிது தொலைவு போய் நின்றாலும் தெரியும் என்கிறார். நடக்கும்தோறும் திரும்பிப் பார்க்கும் முதியவரின் கழுத்து நம் கண்முன் வருகிறது. நண்பனை இழந்தவர்க்குப் பாடல் மேல் பாடலாகச் சொல் வருகிறது. தந்தையை இழந்தவர்க்கு வந்தது ஐந்தடி. சங்கத் தொகை நூல்கள் முழுவதிலும் பாரி மகளிர் பெயரில் வேறொரு பாடல் இல்லை. அவர்களே பாடினரா, அவர்கள் வாய்மொழியாகப் பிறர் பாடினரா என்னும் ஆராய்ச்சி வேறு. நமக்கு வந்து சேர்ந்த தொகுப்பு அவர்களை ஒருமுறைதான் பேச வைக்கிறது.

ஆனால் அவர்களை நாம் இன்னொரு முறை காண்கிறோம். அது 116ஆம் பாடலில். நம் பாடத்திட்டங்கள் 112ஐ எடுத்துக்கொண்டு இதனை விட்டுவிடுவது பேரிழப்பு. முள்வேலி சூழ்ந்த சிறு வீடு. சுரையும் பீர்க்கும் படர்ந்த முற்றம். அங்கே ஈச்ச இலைகளின் குப்பைமேடு. அம்மேட்டின் மேல் ஏறி நின்று, வழியே போகும் உமணரின் உப்பு வண்டிகளை அம்மகளிர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். முன்னாளில் பறம்பின் மேல் நின்று, தந்தையோடு பொர வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். இதனைக் காணும் கபிலர் நெஞ்சு நொந்து, தம் வாழ்நாள் தேய்ந்து போகட்டும் என்கிறார்.

இப்பாடலுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் நயம், குதிரை எண்ணிய கண்கள் உப்பு வண்டி எண்ணும்படி ஆயிற்றே என்னும் வீழ்ச்சி. கபிலரின் துயரம் அதுதான் என்பதில் ஐயமில்லை. அது காண்பவரின் துயரம். எண்ணுபவரின் நிலை யாது? பகைவர் குதிரைகளை எண்ணிய நாளில் அந்த எண்ணிக்கைக்கு ஒரு பொருள் இருந்தது; எத்தனை வந்தாலும் தந்தை வெல்வான் என்னும் செருக்கு அதன் பின்னே இருந்தது. உப்பு வண்டி எத்தனை போனால் அவர்களுக்கு என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் எண்ணுகிறார்கள். பொருள் போய்விட்டது, பழகிய செயல் மட்டும் தங்கிவிட்டது. 112ஆம் பாடலில் இரண்டு நிலவுகளை எண்ணிய அதே மனம் இங்கே வண்டிகளை எண்ணுகிறது. அழவும் இயலாது, சும்மா இருக்கவும் இயலாது தவிக்கும் உள்ளத்திற்கு எண்ணுவது ஒரு பிடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும் வரையில் அடுத்து வருவது இன்னதென்று உறுதியாகத் தெரிகிறது. எல்லாமே நிலைகுலைந்த ஒரு வாழ்வில் மூன்றுக்குப் பின் நான்கு வருவதே ஆறுதல்.

இதனை ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. என் தந்தையார் தோட்டத்தில் மறைந்த நாளன்று லாரியில் வந்திறங்கிய வாடகை நாற்காலிகளை யான் எண்ணினேன். எண்பது என்று சொன்னார்கள், எழுபத்தெட்டே இருந்தன. மீண்டும் எண்ணினேன். ஒப்பாரி கேட்டுக்கொண்டிருக்க, வந்திறங்கிய இரண்டு நாற்காலிக் குறைவைப் பற்றி லாரிக்காரரிடம் வாதிட்டவனை உறவினர் எப்படிப் பார்த்திருப்பர் என்று இன்று நினைக்கும்போது கூச்சமாயிருக்கிறது. கண்ணீர் வந்தது பதினாறாம் நாள் கருமாதியெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, அவர் மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொட்டிலில் கண்டபோது. 116ஆம் பாடலை அதற்கு முன்னும் படித்திருந்தேன். அதற்குப் பின்தான் அந்தக் குப்பைமேடு எனக்குத் தெரிந்தது.

அழுகைப் பாடல்களை யான் குறைத்து மதிப்பதாக எவரும் கருதலாகாது. தாய் மறைந்தபோது பட்டினத்தார் பாடியனவாக வழங்கும் பாடல்கள் நம் துக்க வீடுகளில் இன்றும் பலரை அழவைத்து ஆற்றுகின்றன. எல்லாம் துறந்தவர் தாயைத் துறக்க இயலாது கதறுவது உருக்கமானதே. அங்கே கைக்கு வேலை இருக்கிறது என்பதையும் காண வேண்டும். வாய்க்கரிசி இடும் கை, தீ மூட்டும் கை. ஒவ்வொரு செயலையும் பற்றி, இதனை யான் எங்ஙனம் செய்வேன் என்று கேட்டுக் கேட்டே அழுகை பெருகுகிறது. கம்பனின் பரதனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தசரதன் அவனை மகனல்லன் என்று துறந்துவிட்டமையால் ஈமக்கடன் சத்துருக்கனன் கைக்குப் போகிறது. கைக்கு வேலையும், கண்ணுக்கு நீரும், வாய்க்குச் சொல்லும் ஒருங்கே வாய்ப்பது எல்லார்க்கும் அன்று. பாரி மகளிர் பாடலில் ஈமமும் இல்லை, சடங்கும் இல்லை, இரண்டு நிலவுகள் மட்டுமே உள்ளன.

நம் நாட்டுச் சிறுகதைகளைப் படித்து வருபவன் என்னும் முறையில் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். நம் கதைகளில் தாய் இறந்தால் மகன் கதறுவான், மார்பில் அடித்துக்கொள்வான், பெரும்பாலும் வானமும் உடன் அழும். அழாதவன் எவனேனும் வந்தால் அவன் பட்டணத்தில் மனைவி பேச்சைக் கேட்டுக் கெட்டவனாக இருப்பான். அழுகையை அன்பின் அளவுகோலாக்கி வைத்த இவ்வழக்கம் கதையோடு நிற்பதில்லை. ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலைத் தமிழில் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் படித்தோர், அதில் வரும் வழக்கு விசாரணையை மறந்திரார். மெர்சோ கடற்கரையில் ஒருவனைக் கொன்றவன். நீதிமன்றத்திலோ, அவன் தாயின் பிணத்தருகே அழாமல் காப்பி குடித்ததும், மறுநாள் சிரிப்புப் படம் பார்க்கப் போனதும் பெருங்குற்றமாக விரிகின்றன. மெர்சோவின் உள்ளம் மரத்ததா, அவன் இயல்பே அதுவா என்பதை அந்நாவல் தெளிவுபடுத்துவதில்லை. ஆதலால் அவனைப் பாரி மகளிரோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அந்த நீதிமன்றத்தை மட்டும் யான் அறிவேன். என் மாணவியின் உறவினர் கூடிய கூடத்தில் அது இருந்தது. "கண்ணீர் வடித்துப் பாடிய பாட்டு" என்று தொடங்கிய என் வகுப்பறையிலும் இருந்தது.

கபிலர் அத்தகைய நீதிபதி அல்லர். தாம் அழுதார், மகளிரை அழச் சொல்லவில்லை. குப்பைமேட்டில் நின்றவர்களை இறங்கச் சொன்னதாகவும் பாடலில் இல்லை. அவர்களுடன் நடந்தார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களுக்காகப் போய் நின்றார். இருங்கோவேள் மறுத்தபோது சினந்து பாடினார். அம்மகளிரின் எதிர்காலம் பற்றிய அச்சத்தை அவர்கள் தோளிலிருந்து எடுத்துத் தம் தோளில் இட்டுக்கொண்டார். 200 முதல் 202 வரையுள்ள பாடல்களை மகட்கொடை வரலாறு என்று மட்டும் படித்துவிட்டுப் போவது போதாது.

அந்த ஆண்டு முடிவதற்குள் 116ஆம் பாடலைத் தனித்தாளில் படியெடுத்து, சொற்பொருளும் எழுதி, அம்மாணவியிடம் கொடுத்தேன். தேர்வுக்கு வராது என்பதையும் சொன்னேன். மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். படித்தாயா என்று கேட்டேன், தலையசைத்தாள். நயம் ஏதேனும் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை வண்டி என்று கபிலர் சொல்லவில்லையா, ஐயா?" என்றாள்.

சொல்லவில்லை என்றேன்.